குறிப்புக் கட்டம்

லாக் காலியாக இருந்தது.

கட்டங்கள் இருந்தன. தேதிக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று, பேசிய ஆளின் கால்சைன் என்கிற ரேடியோ அடையாளக் குறிக்கு ஒன்று, அலைவரிசைக்கு ஒன்று, கடைசியில் அகலமாகக் குறிப்புக்கு ஒன்று. கட்டங்களுக்குள்தான் ஒன்றுமே இல்லை. லிஃப்ட் மெக்கானிக் புரோகிராமை மூடிவிட்டு மறுபடி திறந்தார். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டார். அது நிதானமாக எழுந்து, தப்பு செய்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும் பிள்ளை மாதிரி, அதே வெள்ளைப் பக்கத்தைக் காட்டியது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும். ஹாம் ரேடியோக்காரர்கள் தனிப்பிறவிகள். மொட்டை மாடியில் கம்பியை இழுத்துக் கட்டி, ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவரிடம் ‘உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது, என் குரல் எப்படிக் கேட்கிறது’ என்று விசாரிப்பார்கள். விசாரித்ததை லாக் என்கிற பதிவேட்டில் எழுதிவைப்பார்கள். போன் இருக்கும்போது எதற்கு இந்தக் கூத்து என்று மட்டும் அவர்களிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது போச்சு.

அந்தக் குறிப்புக் கட்டத்தில் எல்லோரும் ஏதாவது கிறுக்குவது வழக்கம். ‘மகளுக்குக் கல்யாணம்’, ‘புது ஆன்டெனா’, ‘மனைவிக்கு முட்டி வலி’. அடுத்த முறை அதே ஆள் கிடைக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்து, ‘முட்டி வலி தேவலையா?’ என்று கேட்பார்கள். எதிரில் இருப்பவர் உருகிப்போவார். எல்லோரும் செய்கிற சின்னத் தில்லுமுல்லு. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது தில்லுமுல்லு இல்லை. அவருக்கு மறந்துகொண்டிருந்தது.

சும்மா சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதி இல்லை. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறினோமா என்று அவருக்குத் தெரியாமல் போனது. யோசித்துப் பார்த்தார். அணைத்த ஞாபகமும் இல்லை, அணைக்காத ஞாபகமும் இல்லை. எந்த மாடியில் நிற்கிறோம், யார் கூட வந்தது, அதுவும் இல்லை. மேலே இருட்டு, கீழே இருட்டு, நடுவில் எண்ணெய் பூசிய கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, யாராவது வந்து கூப்பிடும்வரை அப்படியே நின்றார். மறுநாள் கம்பெனியில் முதுகு வலி என்று சொல்லி வேலையை விட்டு நின்றுகொண்டார். வீட்டிலும் முதுகு வலிதான். ஒரு தைலப் புட்டிகூட வாங்கி எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தார்.

அதிலிருந்து குறிப்புக் கட்டம்தான் அவருடைய தலை. காலை நேரத்தில் நாலைந்து பேர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவார்கள். பழைய கப்பல் ரேடியோ அதிகாரி ஒருவர், அவர் பெயர் கப்பல். ஒரு டீச்சர். ஒரு டாக்ஸி டிரைவர், அவர் டாக்ஸி. இவர் லிஃப்ட். ஒவ்வொருவரும் சொன்னதைச் சொன்ன கையோடு தட்டிவைப்பார். மறுநாள் படித்துவிட்டு, எல்லாம் ஞாபகம் இருக்கிற மனுஷனாக மைக்கை எடுப்பார். மறதி என்று யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக வீட்டுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் டாக்டர், டாக்டரிடம் போனால் ஒரு பெயர், அந்தப் பெயரை வைத்துவிட்டால் அப்புறம் தன்னை ஆளாக மதிக்க மாட்டார்கள் என்று அவர் நடுங்கினார். குளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழ் போடாதே என்பார்கள். அந்த லாக்தான் இப்போது காலி.

பென் டிரைவ் ஞாபகம் வந்தது, வந்ததே பெரிய விஷயம். மேஜை இழுப்பறையில் இருந்தது. செருகினார். அதிலும் அதே வெள்ளைப் பக்கம். அப்போதுதான் விஷயம் புரிந்தது. கம்ப்யூட்டரில் எது இருக்கிறதோ அதை, செருகிய உடனே, அப்படியே பென் டிரைவில் ஏற்றும்படி அவரே ஏற்பாடு செய்திருந்தார். கம்ப்யூட்டரில் இருந்தது வெறுமை. அந்த விசுவாசமான புரோகிராம் வெறுமையைப் பத்திரமாக நகல் எடுத்து வைத்திருந்தது. இதற்குப் பெயர் காப்புப் பிரதியாம்.

ஹாம்கள் தங்கள் தொடர்புகளைப் பதிந்துவைக்கும் இணையதளம் ஒன்று உண்டு. அங்கே போய்ப் பார்த்தார். தேதிகள் இருந்தன, கால்சைன்கள் இருந்தன. குறிப்பு இல்லை, அதை அந்தத் தளம் வாங்குவதே இல்லை. யாரோடு என்றைக்குப் பேசினார் என்பது முழுதாக இருந்தது. என்ன பேசினார் என்பதில் ஒரு சொல் இல்லை.

அவர் எழுந்து சமையலறைப் பக்கம் போனார். மனைவிக்கு அன்று விடுமுறை. சலவைக்கடையில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவள், விடுமுறையிலும் சும்மா இருக்கத் தெரியாமல் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ கம்ப்யூட்டரைத் தொட்டியா?”

“எனக்கு அதுல என்ன வேலை?”

“தொட்டியா இல்லையா, அத சொல்லு.”

“உங்க ரேடியோ சமாச்சாரத்துல நான் எதுக்கு வரப்போறேன்? அந்தப் பக்கம் பெருக்கக்கூட வர்றதில்ல.” அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான் பேசினாள், கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் தேய்க்கிற பாத்திரத்தைப் பார்த்து. ஏதோ கோபம். என்ன கோபம் என்று கேட்கலாம்தான். ‘அதுகூட மறந்துபோச்சா?’ என்று அவள் கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவர் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை.

அறைக்குத் திரும்பியபோது காலைக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. போகாமல் இருந்துவிடலாம். இருந்தால் கப்பல் சும்மா விடமாட்டார், வீட்டுக்குப் போன் போடுவார், போனை மனைவி எடுப்பாள். அவர் ரேடியோவைப் போட்டார்.

“வாங்க லிஃப்ட் சார், லேட்டு!” டீச்சரின் குரல். “இன்னிக்கு உங்க சிக்னல் பிரமாதம். என்ன விசேஷம்?”

“விசேஷம் ஒண்ணுமில்ல டீச்சர். முதுகுதான்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் எப்போதும் எல்லோரையும் விசாரிக்கிறவர். விசாரிக்காவிட்டால் சந்தேகம் வரும். டாக்ஸியைப் பற்றித் தலைக்குள் தேடினார். கட்டில், வாக்கர், வயதான அப்பா. ஏதோ ஒன்று அகப்பட்டதில் அவருக்கு அப்படி ஒரு ஆறுதல்.

“டாக்ஸி, அப்பா எப்படி இருக்காரு? வாக்கர் வெச்சு நடக்குறாரா?”

அலைவரிசையில் வெறும் இரைச்சல். ஆன்டெனா கழன்றுவிட்டதா என்று அவர் மீட்டரைப் பார்த்தார். பிறகு டாக்ஸியின் குரல் வந்தது.

“இருக்காரு லிஃப்ட். நல்லா இருக்காரு. நடக்குறாரு.”

அவர் மூச்சு விட்டார். தப்பித்தோம். அடுத்து யாரை விசாரிக்கலாம் என்று யோசிப்பதற்குள் கப்பல் குறுக்கே வந்தார்.

“லிஃப்ட், உன் லாக் போயிருச்சா?”

“லாக்கா? இல்லையே. எதுக்குக் கேக்குற? பத்திரமா இருக்கு.”

“சரி. கொஞ்சம் கீழ வா, நம்ம பழைய இடத்துக்கு. நாம ரெண்டு பேரும் தனியாப் பேசலாம். டீச்சர், நீங்க இங்க பாத்துக்குங்க.”

பழைய இடம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. கப்பல் அதையும் எதிர்பார்த்த மாதிரி அலைவரிசை எண்ணைச் சொன்னார். அவர் குமிழைத் திருப்பினார். அந்த அலைவரிசையில் வேறு யாரும் இல்லை. கப்பலின் குரல் பக்கத்து நாற்காலியிலிருந்து வருவதுபோல் தெளிவாக வந்தது.

“பயப்படாதே. மொதல்ல அதச் சொல்லிடறேன். உன் லாக் எங்கிட்ட இருக்கு.”

“உங்கிட்டயா? எப்படி?”

“நீ புரோகிராமை மூடும்போதெல்லாம் ஒரு பிரதி எனக்கு வந்துரும். நான் சொல்லச் சொல்ல நீதான் செட் பண்ண. வந்ததை எல்லாம் தேதிவாரியாத் தனித்தனியா வெச்சிருக்கேன், ஒண்ணு மேல ஒண்ணு விழாம. இப்ப அனுப்பறேன்.”

“நானா செட் பண்ணேன்? எப்போ?”

“மொத தடவை தொலைச்சப்போ.”

அவர் மைக்கை அழுத்தினார். விட்டார்.

“இது மொத தடவை இல்லப்பா,” என்றார் கப்பல். “ஒவ்வொரு தடவையும் நான் இதே அலைவரிசையில இதையேதான் சொல்றேன். நீயும் இதே மாதிரி பேசாம இருக்க. உனக்கு மறக்குதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.”

யாரோ சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்ததுபோல் இருந்தது அவருக்கு. இத்தனை நாளும் ஒவ்வொருவரையும் ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்து மார்தட்டியிருக்கிறார். அவர்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து, பாவம், ஏமாந்தமாதிரி பேசியிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் கிணுக்கென்றது. லாக் வந்துவிட்டது. திறந்தார். பக்கம் பக்கமாகக் கட்டங்கள் நிரம்பி ஓடின. பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்துக் கண்டுபிடித்தவர் மாதிரி அவசரமாகத் தடவிப் பார்த்தார், டீச்சர், டீச்சரின் மருமகன், டாக்ஸி. டாக்ஸிக்கு எதிரே அவர் கண் நின்றது. அவரே எழுதியது. ‘அப்பா இறந்துவிட்டார். இனி கேட்காதே.’

அவர் முகத்தை மூடிக்கொண்டார். செத்தவரை வாக்கர் வைத்து நடக்கவிட்டு, நல்லா இருக்காரு என்று சொல்லியிருக்கிறான் அந்த மனுஷன், எதற்காக? இவர் முகம் கோணக் கூடாது என்பதற்காக.

பட்டியலின் கடைசிக்குப் போனார். கப்பலின் கால்சைனுக்கு எதிரே நீளமாக ஒரு குறிப்பு. ‘எல்லாருக்கும் தெரியும். கப்பல் சொன்னான். லாக்கை யாரும் அழிக்கவில்லை, நான்தான் அழித்திருக்கிறேன். எவ்வளவு மறந்திருக்கிறேன் என்று படித்துப் பயந்து அழித்தேன். வீட்டில் சொல்லணும்.’ அதற்கும் கீழே, அதே கப்பலுக்கு எதிரே, வேறு தேதியில்: ‘மறுபடி அழித்திருக்கிறேன். இன்னும் வீட்டில் சொல்லவில்லை. தயவுசெய்து அழிக்காதே.’

தயவுசெய்து என்று தனக்குத்தானே எழுதிக்கொள்கிறவன் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்! எழுதியது தன் கை என்று தெரிந்தது. எழுதிய நாள் மட்டும் எங்கே தேடியும் இல்லை. லிஃப்ட் கூரைமேல் நின்ற அன்று கீழே தெரிந்த இருட்டைவிட இது மோசமாக இருந்தது. இந்த இருட்டு அவருக்குள்ளேயே இருந்தது. அதற்குள்ளிருந்து அவரை மாதிரியே ஒருவன் வந்து, காரியம் செய்துவிட்டு, திரும்பிப் போயிருக்கிறான்.

அவர் கை மௌஸ்மேல் இருந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிக்க எத்தனை நேரம் ஆகும்? கண் சிமிட்டும் நேரம். இந்தக் குறிப்பு போய்விட்டால் இன்று காலை நடந்ததும் நடக்காததாகிவிடும். நாளைக்கு லாக் காலியாக இருக்கும், அந்தப் பயம் பரவாயில்லை, தாங்கிக்கொள்ளலாம். இந்தப் பயத்தைத் தாங்க முடியாது.

“அழிக்கணும்னு கை போகுதா?” என்றார் கப்பல்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீதான் போன தடவை சொன்ன. வீட்டுல சொல்லிடறேன்னும் சொன்ன. நாங்களே போன் பண்ணிச் சொல்லியிருப்போம். நீ எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்ட. எம் பொண்டாட்டிகிட்ட நானேதான் சொல்வேன், நீங்க வாயத் திறக்கக் கூடாதுன்னு. நான் என்ன பண்ணட்டும்? அனுப்பத்தான் முடியும். அனுப்பிக்கிட்டே இருப்பேன்.”

கப்பலின் குரல் கம்மியிருந்தது. அலைவரிசைக் கோளாறு இல்லை அது.

லிஃப்ட் மௌஸிலிருந்து கையை எடுத்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்து பட்டனை அழுத்தினார்; அழுத்தியிருக்கும்வரை இங்கே பேசுவதெல்லாம் அந்தப் பக்கம் கேட்கும்.

“கப்பல், நான் இந்த பட்டனை விடப்போறதில்ல. விட்டா எனக்குத் தைரியம் போயிரும். நீ கேட்டுக்கிட்டே இரு. நான் ஏதாவது மழுப்பினா நாளைக்கு எங்கிட்ட சொல்லு, மழுப்பினேன்னு.”

பட்டனை அழுத்தியபடியே சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாவது தடவை அலறலாகவே வந்தது. அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

“என்ன? என்னாச்சு? முதுகா?”

“முதுகு வலியெல்லாம் இல்ல. எப்பவுமே இல்ல. நில்லு. ஒண்ணு படிக்கிறேன்.”

திரையில் இருந்ததைப் படித்தார். இரண்டு குறிப்பையும் ஒரு சொல் விடாமல் படித்தார். பிறகு லிஃப்ட் கூரைமேல் நின்றதைச் சொன்னார். காலையில் எழுந்ததும் முந்தின நாளைத் தேடுவதைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். புடவையில் கையைத் துடைக்கக்கூட இல்லை, தண்ணீர் தரையில் சொட்டியது. அழுவாள் என்று நினைத்தார், அல்லது ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று சத்தம் போடுவாள் என்று நினைத்தார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்போ அன்னிக்கு நான் சொன்னது?” என்றாள்.

“என்னிக்கு?”

அவள் அவர் கையில் இருந்த மைக்கைப் பார்த்தாள். “அத விடுங்க. அவங்க கேக்க வேணாம்.”

அவர் பட்டனை விட்டார். ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் வந்தது. அவர் ஒலியைக் குறைத்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து சொன்னேனே. மார்புல கட்டி இருக்குன்னு. வெட்டி எடுக்கணும்னு சொல்றாங்கன்னு. நீங்க சரின்னீங்க. அவ்வளவுதான். மறுநாள் கேப்பீங்கன்னு பாத்தேன். அதுக்கு மறுநாள் பாத்தேன். நீங்க காலையில உக்காந்து எவனோ ஒருத்தன் பொண்டாட்டியோட முட்டி வலிய விசாரிச்சுக்கிட்டு இருந்தீங்க. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டேன். இந்த மனுஷனுக்கு நான் செத்தாக்கூட ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போயிக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

அவர் உள்ளே தேடினார். கட்டி, ஆஸ்பத்திரி, அவள் வந்து நின்ற கோலம், ஒன்றும் இல்லை. பழக்கதோஷத்தில் கண் திரைக்குப் போனது. அங்கேயும் இருக்காது. எத்தனையோ பேரின் மனைவிமார் அந்தக் குறிப்புக் கட்டத்தில் இருந்தார்கள். ரேடியோவில் பேசியவர்களைத்தான் லாக்கில் ஏற்றுவது வழக்கம். இவள் எதிரிலேயே இருந்தாள், ஏறவில்லை.

“எனக்குத் தெரியாது,” என்றார். “சத்தியமாத் தெரியாதும்மா. நீ சொன்னதே எனக்குத் தெரியாது.”

“அது இப்பத்தான் எனக்குப் புரியுது.” அவள் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள். “கோவம்னா சண்டை போடலாம். இதுக்கு நான் என்ன பண்றது?”

“இன்னொரு தடவை சொல்லு. எல்லாத்தையும். மெதுவாச் சொல்லு, எழுதிக்கிறேன்.”

அவள் சொன்னாள். இடது பக்கம். வர்ற வியாழக்கிழமை. என்ன கட்டி என்று எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொன்னதை அவள் சொல்லும்போது அவர் விரல் தப்புத்தப்பான எழுத்துகளில் விழுந்தது. அடித்துத் திருத்தினார். கால்சைன் இல்லாமல் பதிய முடியாது என்று புரோகிராம் சிவப்பாக முரண்டு பிடித்தது. தன் கால்சைனையே போட்டார். ஏற்றுக்கொண்டது. உடனே ஒரு பிரதியைக் கப்பலுக்கு அனுப்பினார்.

“நாளைக்கு இதைப் படிச்சுட்டுப் பயந்து அழிச்சுட்டேன்னா?”

“மறுபடியும் சொல்றேன்.”

“அதையும் மறந்துட்டா?”

“அப்பவும் சொல்றேன். எத்தன தடவை வேணா சொல்றேன், எனக்கென்ன, வாயா வலிக்கப்போகுது?” என்றாள். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். “ஆனா நீங்க கேக்கணும். தெரியலன்னா தெரியலன்னு கேக்கணும். கேக்காம மட்டும் இருக்காதீங்க.”

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். இத்தனை நாள் கேட்கப் பயந்தவருக்கு எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

“வலிக்குதா?” என்று கேட்டார்.

“வலி இல்ல,” என்றாள் அவள். “பயமாத்தான் இருக்கு.”